கடைசிப் பதினாறு பக்கங்கள்

திபிலிசி மெட்ரோவில், நகரும் படிக்கட்டின் அடியில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் நான்.
பெயர் ம்ஸெவினார். பையில் ஒரு விசில்.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.
பதினோரு ஆண்டில் நான்கு முறை அழுத்தியிருக்கிறேன்.
அதில் ஒன்று ஒரு தர்பூசணிக்காக.

வேலை நேரத்தில் படிக்கக் கூடாது என்பது விதி.
அதனால் மடியில் வைத்துப் படிக்கிறேன்.

உலர்பாலத்துச் சந்தையில் பழைய பதக்கங்களுக்கும்
பல் பிடுங்கும் குறடுகளுக்கும் நடுவே
துணி விரித்து ஒருவன் விற்கிறான்,
மூன்று லாரிக்கு ஒரு பிரபஞ்சம்.
புதுசு வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும்,
அது சம்பள நாளில் மட்டும்.

பழசில் ராக்கெட்டுக்கு மீன்வால் உண்டு.
கேப்டன் புகை பிடிப்பார்.
எந்தக் கோளில் இறங்கினாலும் முதல் வேலை கொடி நடுவது.
புதுசில் யாரும் எங்கேயும் இறங்குவதில்லை.
கப்பலே அழுகிறது,
கப்பலுக்குத் தன்னைச் செய்தவர்கள் ஞாபகம்.
இரண்டும் எனக்குப் பிடிக்கும்.

டிராகன் வந்தால் மட்டும் கொஞ்சம் கணக்குக் கேட்பேன்:
நாளைக்கு எத்தனை ஆடு தின்னும்? யாருடைய ஆடு?
எழுதியவனுக்கு அது தெரிந்திருந்தால்
ராஜாவின் பெயர் எவ்வளவு நீளமானாலும் பொறுத்துக்கொள்வேன்.

பேய்க்கதைக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது.
மேலிருந்து வருகிறவர்கள் இங்கே
முதலில் செருப்பாகத்தான் தெரிகிறார்கள்,
பிறகு முழங்கால், பிறகு கையில் தொங்கும் ரொட்டி,
கடைசியில்தான் முகம்.
ஒவ்வொரு தடவையும், ஒரு கணம்,
முகம் இருக்குமா என்று.

அந்தக் குளிர்காலத்துப் புத்தகத்தில்
நிலவறையில் இரவுக்கு ஒரு படி வளர்ந்துகொண்டிருந்தது.
வீட்டுக்காரி தினமும் விளக்கோடு இறங்கி எண்ணுவாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் வெறுங்காலை வைத்தாள்,
"அங்கே ஏற்கெனவே"
அதற்குப் பிறகு அட்டைதான்.
பதினாறு பக்கம், ஒரு கட்டு முழுசாக உருவப்பட்டிருந்தது.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.
நான்காம் நாள் புத்தகம் மடியிலிருந்து நழுவியது.
வெல்டர் சட்டை போட்ட ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டார்.
"அட, அந்தப் படிக்கட்டு!"
பின்னால் கூட்டம் தள்ளியது. போய்விட்டார்.

என் கூண்டைக் கடக்க நான்கு எட்டு.
நான்கு எட்டில் ஒரு வாக்கியம் சொல்லலாம்.
திங்கள்கிழமை: "அங்கே ஏற்கெனவே ஈரக் கால்தடம் இருந்தது."
செவ்வாய்க்கிழமை: "இடது கால் மட்டும்."
புதன்கிழமை அவர் வரவில்லை.
வியாழக்கிழமை: "அந்த வீட்டில் புதன்கிழமையே கிடையாது."

ஜும்பெர் என்று பெயர். அதைக் கேட்க ஒரு நாள் வீணானது.

பிளம் பூக்கும் வரை சொன்னார்.
மார்ச் நடுவில் வீட்டுக்காரியின் பையில்
ஒரு விசில் வந்து சேர்ந்தது.
பிறகு நிலவறைச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான்.
எனக்குப் புரிந்தது.
புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மே மாதம் உலர்பாலத்தில் அதே புத்தகம், முழுசாக.
நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன்.
எல்லாம் கெட்ட காற்றாம். அடுப்புப் புகையாம்.
டாக்டர் வந்து ஜன்னலைத் திறக்கிறார்,
பெண் சிரிக்கிறாள், படிகள் பன்னிரண்டுதான்.

மூன்று லாரி கொடுத்தேன்.
வீட்டுக்குப் போய், தையலை அறுத்து,
அந்தப் பதினாறு பக்கத்தை உருவி எடுத்தேன்.
மீதியை மறுநாள் அதே துணியில், விற்பவன் பார்க்காதபோது,
திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.
எனக்கு முன்னால் உருவியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

ஜும்பெரிடம் இதைச் சொல்லவில்லை.
கதை இன்னும் முடியவில்லை, போன வாரம் பாதாளத்தில்
யாரோ விசிலுக்குப் பதில் விசில் கொடுத்தார்கள்.

இப்போது மணி ஏழு நாற்பது. அவருடைய பூட்ஸ் தெரிகிறது.
மேலே மழை இல்லை என்று சொன்னார்கள்.
இடது பூட்ஸ் மட்டும் நனைந்திருக்கிறது.
முழங்கால் வந்துவிட்டது.
முகத்துக்காகக் காத்திருக்கிறேன்.